நுரையில்லாத மூன்று கிளாஸ்கள்

மைத்துனன் அழைத்துப்போன பயணம் அது. பர்மாவில் இன்சீன் ஊரிலிருந்து பழைய நீராவி ரயிலில் குடும்பத்தோடு சுற்றி வரலாம். உள்ளேயே மூன்று வகை பீரும் ருசிக்கலாம் என்பதை வண்டி கிளம்பிய பிறகுதான் சொன்னான்.

நான் குடியை விட்டு எட்டு மாதமாகியிருந்தது. குடித்ததே மனைவிக்குத் தெரியாது என்று நம்பியதால் விட்டதையும் சொல்லவில்லை. இப்போது வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். இறங்கவும் வழியில்லை, ஒரு மணி நேரத்துக்கு வண்டி எங்கும் நிற்காது. ஜன்னல் வழியே வந்த கரிப்புகையில் மூச்சு முட்டியது. மனைவி மகளுக்கு என்ஜினைக் காட்ட முன்பெட்டிக்குப் போயிருந்தாள்.

பரிமாறும் பெண் என் முன்னால் மூன்று சின்ன கிளாஸ்களை வைத்தாள்.

"என்ன மச்சான், பாத்துக்கிட்டே இருக்கீங்க? அடிங்க!" என்றான் மைத்துனன்.

கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன். இங்கே டீக்கடை மேசைகளில் காசு வாங்காமல் வைக்கும், பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் தேநீர்! மூன்றிலும் அதுதான்.

இறங்கும்போது அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னேன். "எனக்கு எதுக்கு? உங்க வீட்டம்மாதான் வந்து சொன்னாங்க" என்றாள் பர்மிய மொழியில்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "மூணுல எது நல்லா இருந்துச்சு?"

"எல்லாம் ஒண்ணுதான்" என்றேன். அவள் சிரித்தாள்.

பீர் என்று நினைத்துத்தான் அந்தக் கிளாஸை எடுத்தேன். அதை மட்டும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.