கோலை விட்டு நகராதே

கோல்கீப்பர் வேலையில் ஒரு வசதி உண்டு: நின்ற இடத்திலேயே திட்டு வாங்கலாம். பயிற்சியாளர் வேலையில் ஓடிக்கொண்டே வாங்க வேண்டும். எந்த உத்தியோகத்தில் இருந்தாலும் உங்களுக்கும் இது பழக்கமாகத்தான் இருக்கும்.

கெடு

கோல்கீப்பராக ஆடி முழங்கால் போன பிறகு, எழுபதுகளின் கடைசியில், பழவேற்காட்டுப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கால்பந்து சொல்லித்தரச் சேர்ந்தேன். அணியில் எல்லாரும் ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்கள். அண்ணன்மாரின் அரைக்கால் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். மணலில் ஓடிப் பழகிய கால்கள், புல்தரையில் பறக்கும். ஆனாலும் ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றோம். தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவோம்.

பிரின்சிபால் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த வருஷம் ஒரு மேட்சாவது ஜெயிங்க சார். இல்லேன்னா பந்து ஸ்டோர் ரூமுக்கு, நீங்க லைப்ரரிக்கு" என்றார்.

நைனா வந்தார்

என் கோல்கீப்பர் கோகிலா. ஒருநாள் அவள் நைனா மைதானத்துக்கே வந்துவிட்டார். பெண்ணை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே கோல்கம்பத்துக்குப் போய், கிழிந்து தொங்கிய வலையை விரலால் தூக்கிப் பார்த்தார். மறுநாள் காலையில் தன் பழைய இறால் வலையைக் கொண்டுவந்து கட்டிவிட்டார். மைதானம் பூராவும் கருவாட்டு வாசனை.

"இன்னா சார், வலைக்கு அவ்ளோ பெரிய கண்ணு வெச்சிருந்தீங்க? அதுல பந்து இல்ல, ஆளே பூந்து போயிடுவான்" என்றார்.

அவள் பாடு

தோல்விக்குக் காரணம் மெதுவாகத்தான் பிடிபட்டது. பந்து நாலடி தள்ளிக் கிடக்கும், எங்கள் பெண் பார்த்துக்கொண்டே நிற்பாள். எதிரணிக்காரி வந்து எடுத்துப் போவாள். ஏரியில் இன்ன இடத்தில் இன்று இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் முறை வைத்திருக்கும். அந்த இடத்துக்குப் பெயர் பாடு. அடுத்தவர் பாட்டில் இறங்கினால் ஊர்க்கூட்டம்தான். நானோ முதல் நாளே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆளுக்கொரு இடம் பிரித்துக் கொடுத்திருந்தேன்.

தடுப்பாட்டக்காரி அஞ்சலையிடம் கத்தினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "அது ராணியோட பாடு சார். நான் எப்டி எறங்கறது?"

கோடு அழிந்தது

கோட்டை அழித்துப் பார்த்தேன், அவர்கள் மனசிலிருந்து அழியவில்லை. கடைசி ஆட்டம் வந்தது. எதிரே பட்டணத்துக் கல்லூரி, இரு பக்கமும் ஒவ்வொரு கோல், முடிய இரண்டு நிமிஷம். பந்து நடு மைதானத்தில் தனியாக உருள்கிறது, வழக்கம்போல் எங்கள் பக்கம் யாரும் அசையவில்லை. திடீரென்று கோகிலா கோலை விட்டு ஓடினாள். "இன்னிக்கு எல்லாம் நம்ம பாடுடி, எறங்குங்க" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

பதினோரு பேரும் ஒன்றாக இறங்கினார்கள். பட்டணத்துப் பெண்கள் பயந்து வழிவிட்டார்கள். பின்னால் எங்கள் கோல் திறந்த வீடாகக் கிடந்தது, நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அஞ்சலை அடித்தாள். கோல். நான் அழுதுவிட்டேன், அதை மறைக்கத்தான் கோகிலாவைத் திட்டினேன்: "கோலை விட்டு நகராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அத்த யாரு சார் தூக்கினு போவப் போறாங்க?" என்றாள்.

கோலை விட்டு நகராதே என்று சொல்லித்தான் எண்பதுகள் முழுக்கச் சம்பளம் வாங்கினேன், என் பெண்கள் அதைக் கேட்காததால்தான் அந்தச் சம்பளம் நிலைத்தது.