மெர்டேக்காவுக்குள் கர்ப்பப்பை ஏறுமா?

பெண்களைப் பார்க்கும் கிளினிக்கில் வேலை செய்பவளுக்கு முதலில் வேண்டியது கைப்பழக்கம் இல்லை, முகம் மாறாமல் நிற்கும் பழக்கம். வெள்ளைக்காரனிடமிருந்து மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்காவுக்கு முந்தின மாதங்களில் மலாக்கா காஜா பெராங்கில் ஒரு கிளினிக்கில் நான் அப்படி நின்றேன். நர்ஸ் படிப்பு கிடையாது. ஆனாலும் எல்லாருக்கும் நான் ‘மிஸ்ஸி’தான். டாக்டரம்மா இங்கிலீஷில் சொல்வதைத் தமிழிலும் மலாயிலும் எடுத்துச் சொல்வது என் வேலை. பிள்ளை பெற்று, தும்மல் வந்தாலே பயப்படும் சகோதரிகளே, நான் குழம்பிய கதை உங்களுக்குத்தான்.

கால் வலி

டோபி ரெங்கம்மா கால் வலி என்று வந்தாள். டாக்டரம்மா முழங்காலைத் தட்டினார், பாதத்தைத் திருப்பினார், காலில் ஒன்றும் இல்லை என்றார். கதவு வரை போனவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து துவைக்கும்போது கீழே ஏதோ இறங்கி உட்காருகிறதாம். அப்போதும் அதன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

கர்ப்பப்பை இறங்கியிருந்தது. ஆபரேஷன் செய்யலாம், பிறகு பல மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. ரெங்கம்மாவுக்குப் புருஷன் இல்லை. பாரம் தூக்காத டோபிக்காக எந்த வீடு காத்திருக்கும்? கடைசியில் உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்து, பயிற்சியும் சொல்லி, மெர்டேக்கா வரை பார்ப்போம், சரிப்படாவிட்டால் ஆபரேஷன்தான் என்று முடிவானது. ரெங்கம்மா கேட்டாள்: “வெள்ளக்காரன் போறதுக்குள்ள இது மேல ஏறணும், அதானே மிஸ்ஸி?”

அடக்கச் சொன்னேன்

மூத்திரத்தை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, கொஞ்ச நேரம் பிடித்து, பிறகு விட வேண்டும். இதுதான் பயிற்சி. இதே தொல்லையோடு வந்த பீபிக் மீனாட்சிக்கும் மலாயில் சொல்லிக் கொடுத்தேன். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் சிட்டி சனத்துப் பெரியம்மா அவர். அவருக்குப் பெயர்தான் தமிழ், பேச்சு மலாய்.

மறுவாரம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். காலையில் பலகாரம் சுட உட்கார்ந்தவர், மாலை வரை கக்கூஸ் பக்கமே போகாமல் நிஜமாகவே அடக்கியிருக்கிறார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். எப்போது விடலாம் என்று நான் சொல்லவே இல்லையாம்: “மிஸ்ஸி தா சக்காப் பிலா போலே லெப்பாஸ்!”

பெங்குங்

பிள்ளை பெற்றவளின் வயிற்றை நீளத் துணியால் இறுக்கிச் சுற்றுவார்களே, அந்தப் பெங்குங்கைக் கட்டிக்கொண்டு ரெங்கம்மா வந்து நின்றாள். மூச்சு விடவே இடமில்லை. இறங்குவதைத் தாங்கிப் பிடிக்கட்டும் என்று பக்கத்து வீட்டு மலாய் அம்மா சுற்றிவிட்டாராம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் நானும் கட்டியவள்தான்.

டாக்டரம்மா அவிழ்க்கச் சொன்னார். அரிசி மூட்டையை நடுவில் இறுக்கிக் கட்டினால் அரிசி எங்கே போகும் என்று கேட்டார். மேலேயும் போகும், கீழேயும் போகும் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். கீழே போவதுதான் இங்கே சங்கடம் என்றார். அவிழ்ந்து கிடந்த துணியைப் பார்த்தபடி ரெங்கம்மா கேட்டாள்: “அப்ப இத்தன நாளா நானேதான் கீழ தள்ளிக்கிட்டேனா மிஸ்ஸி?”

பெருமூச்சு

பெரிய மூட்டையைச் சின்னச் சின்னதாகப் பிரிக்க வேண்டும். தூக்கும்போது உள்ளே இறுக்கிக்கொண்டு மூச்சை வெளியே விட வேண்டும். இது அடுத்த பாடம். உள்ளே இறுக்கும்போது மூச்சு எப்படி வெளியே போகும் என்று எனக்கே விளங்கவில்லை. ரெங்கம்மா பழகிக்கொண்டாள். ஆனால் தெங்கேராவில் ஒரு பங்களாவில் மூட்டைக்கு மூட்டை அவள் ‘ஹூ’ என்று ஊதியதைக் கேட்டு, அந்த வீட்டம்மாள் மிரண்டு என்னிடம் ஓடி வந்தார்: “உங்க டோபிக்கு மருந்து குடுத்தீங்களா, இல்ல பேய ஏத்திவிட்டீங்களா?”

மெர்டேக்கா

மெர்டேக்காவுக்கு முந்தின வாரம் டாக்டரம்மா சோதித்தார். ரெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முழுக்க ஏறவில்லை, ஆனால் முன்போல் இறங்கவும் இல்லை. வளையமும் பயிற்சியும் தொடரட்டும், ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார். அப்படியென்றால் குணமா, குணமில்லையா என்று கேட்டேன். இரண்டும் இல்லை, சமாளிக்கலாம் என்றார். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறுவதற்குள் ரெங்கம்மா அழுதுவிட்டாள். மூட்டை தூக்கலாமா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சின்ன மூட்டை தூக்கலாம் என்றார் டாக்டரம்மா.

மெர்டேக்கா அன்று பாடாங் திடலில் கூட்டம் ‘மெர்டேக்கா’ என்று தொண்டை கிழியக் கத்தியது. பக்கத்தில் ரெங்கம்மா. இருமலுக்கே இறங்குமே, இந்தக் கத்தலுக்கு என்ன ஆகுமோ என்று பதறி, கத்தாதே என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் கையைத் தட்டிவிட்டு இன்னொரு முறை கத்திவிட்டுச் சொன்னாள்: “பயப்படாதீங்க மிஸ்ஸி, உள்ள இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் கத்துறேன்!”

எதை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் இரண்டு மொழியில் சொன்னவள் நான்; விளங்கிக்கொண்டவள் ரெங்கம்மா மட்டும்தான்.