சாமி மேடையில் தங்கிவிட்ட ஸ்பானர்: கூலிமிலிருந்து சுங்கை பட்டாணிக்கு ஒரு காலைப் பயணம்

காரில் ஓர் அவசரப் பெட்டி வைக்க வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்வதோடு சரி. இந்த முறை வாங்க வைத்தவர் என் அண்ணன் சேகர். ஐம்பத்து நான்கு வயது, கோலா கெத்தில் பக்கம் ஓர் எஸ்டேட் வீட்டில் தனியாக இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் சுங்கை பட்டாணிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஏற்றிப்போகும் வேன்காரர் ஒரு வாரம் விடுப்பு எடுத்துவிட்டார். கூலிம் தொழிற்சாலையில் எனக்கு அந்த வியாழக்கிழமை ஓய்வு நாள். நான் வந்து ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டிக்கு வாங்கியவை: பேட்டரி இணைக்கும் வயர் 35 ரிங்கிட், காற்றடிக்கும் சிறிய பம்ப் 89, முக்கோணப் பலகை 18, டார்ச் லைட் 22, முதலுதவிப் பை 25, ஒளிரும் மஞ்சள் சட்டை 8. காரோடு வந்த ஜாக்கையும் சக்கர நட்டைக் கழற்றும் ஸ்பானரையும் இவற்றோடு சேர்த்துக்கொண்டேன். எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால்தானே அழகு! மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. பிழைப்புக்கு உதவும் கருவிகளைத்தான் பூஜையில் வைப்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் புதுப்பெட்டி வீட்டுக்கு வந்திருக்கும்போது அதை மட்டும் வெளியே விட மனசு வரவில்லை. ஒவ்வொன்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மேடையில் வரிசையாக அடுக்கி, சாமந்திப் பூவை அள்ளிப் போட்டேன். ஜாக் கூட அன்று கொஞ்சம் அழகாகத்தான் இருந்தது.

வியாழன் காலை 7.40க்குக் கூலிமிலிருந்து கிளம்பினேன். நெடுஞ்சாலை வேண்டாம் என்று உள்வழியைப் பிடித்தேன். பனி என்றால் எனக்குப் பைத்தியம். முந்தின இரவு மழை பெய்திருந்ததால் எண்ணெய்ப் பனைகளுக்கு இடையே வெள்ளை வெள்ளையாகப் பனி படுத்துக் கிடந்தது. மரங்களுக்கு அடிப்பாகம் இல்லாதது போலவும் மட்டைகள் மட்டும் மிதப்பது போலவும் ஒரு தோற்றம். கண்ணாடியை இறக்கினால் ஈர மண் வாசம். மெதுவாகத்தான் ஓட்டினேன். என் மீட்டர்படி 38 கிலோமீட்டர், அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தும்போது 8.50.

அண்ணன் இடது கையை ஒரு சின்னத் தலையணையில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். அந்தக் கையில்தான் ரத்தக் குழாயை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், ஊசி அங்கேதான் ஏறும். அதை யாரும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. பதினொரு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ் நாற்காலி. போன மாதம் ஒரு நாள் தவறியதில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்றைக்குத் தவறக் கூடாது.

புக்கிட் செலம்பாவ் பக்கம் போகும் சாலையில், ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் கூரை போட்டிருக்கும் ஓர் இடம். அண்ணன் அரைத் தூக்கத்தில் இருந்தார். நானும் பனியைப் பார்த்துக்கொண்டே போனேனா, சாலையோரக் குழி கண்ணில் படவில்லை. டமார் என்று ஒரு சத்தம். மணி 9.20. இடது முன் டயர் பக்கவாட்டில் கிழிந்திருந்தது. பம்ப் அடித்த காற்று அந்த வழியாகவே வெளியே போனது.

ஸ்பேர் டயரை இறக்கினேன், ஜாக்கை எடுத்தேன். ஸ்பானர் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். எல்லாவற்றிலும் குங்குமப் பொட்டு இருந்தது, ஸ்பானர் மட்டும் இல்லை. பூஜைக்கு மறுநாள் எடுத்து வைக்கும்போது அது சாமந்திப் பூக் குவியலுக்கு அடியில் மறைந்து கிடந்திருக்கிறது. என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கிடைத்த ஒரே டாக்சிக்காரர், வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும் என்றார். எதிர்த்திசையில் பனங்குலை ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து தன் ஸ்பானரை வைத்துப் பார்த்தார்.

"இது லோரி நட்டுக்கு உள்ளதுக்கா. உங்க கெரெத்தாவுக்குச் சும்மா சுத்தும். நான் கெத்தில்ல லோரிய விட்டுட்டு, சின்னது எடுத்துக்கிட்டு மோட்டார்ல வாரேன். ஒரு மணி நேரம் ஆவும்லா."

கெரெத்தா என்றால் இங்கே கார். அவர் போனார். அண்ணனுக்கு மூச்சு லேசாக வாங்க ஆரம்பித்தது. "பரவால்ல பாப்பா," என்றார். நாற்பத்தாறு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

அப்போதுதான் ஓர் அக்கா மோட்டார் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கைப்பிடியில் இன்னொரு ஹெல்மெட் தொங்கியது.

"என்னாச்சு தங்கச்சி?"

"தாயர் போச்சுக்கா, ஸ்பானர் இல்ல. அண்ணனுக்கு எஸ்பியில பதினொரு மணிக்கு டயாலிசிஸ்." சுங்கை பட்டாணியை இங்கே எல்லோரும் எஸ்பி என்றுதான் சொல்வோம்.

அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் கொண்டுபோறேன். மரம் ஈரம்லா, இன்னைக்கு ரப்பர் பால்வெட்டு இல்ல. ஏறுங்கண்ணே."

முன்பின் தெரியாதவர், ஈரச் சாலை, காலில் பலமில்லாத அண்ணன். ஒரு நிமிடம் தயங்கினேன். மணி 9.55. நான் காரின் பின்புறம் போய் மஞ்சள் சட்டையைத் தேடி எடுத்து வருவதற்குள் அண்ணன் ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்திருந்தார். சட்டையை மாட்டிவிட்டேன். மோட்டார் பனிக்குள் போனது. கொஞ்ச தூரம் மஞ்சள் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

சாலை அமைதியாகிவிட்டது. இலைகளிலிருந்து சொட்டும் நீர்ச் சத்தம் மட்டும். வேறு நாளாக இருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர மனசு வந்திருக்காது. திடீரென்று நினைவு வந்தது. இடது கையைப் பிடிக்கக் கூடாது என்று அந்த அக்காவிடம் நான் சொல்லவே இல்லை! சறுக்கினால் எந்தக் கையைப் பிடித்து இழுப்பார்? அண்ணனுக்கு அழைத்தேன். போன் என் காருக்குள்ளேயே மணியடித்தது. அக்காவின் எண்ணையும் வாங்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள்.

மீதியைச் சொல்வதற்கு முன், இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்கு மறுநாள் போனால் பனி கிடைக்கும், ஆனால் குழிகளில் தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாது. கிளம்பும் முன்பே காருக்குப் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஸ்பானரை உங்கள் காரின் நட்டில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பூஜைக்கு வைத்தால் எண்ணி வையுங்கள், எண்ணி எடுங்கள். கூட வருகிறவருக்கு என்ன நோய், என்ன மருந்து, அவரை எப்படிப் பிடித்து ஏற்ற வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். இரண்டு ரிங்கிட் கூட ஆகாது. நான் வாங்கிய எதைவிடவும் அன்று எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

லாரிக்காரர் சொன்னபடி 10.50க்கு வந்தார். டயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, காசை நீட்டியபோது கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். 24 கிலோமீட்டர் ஓட்டி 11.50க்கு டயாலிசிஸ் நிலையத்துக்குள் ஓடினேன். அண்ணன் மெஷினோடு இணைக்கப்பட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். 10.40க்கே வந்துவிட்டதாகத் தாதி சொன்னார். 

வெளியே நடைபாதை பெஞ்சில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். பெயர் ராணி என்றார்.

"இன்னும் போகலையாக்கா?"

"முடிஞ்சு எந்திரிக்கிறப்பத் தல சுத்தும். பக்கத்துல ஆள் வேணும். நீங்க வருவீங்களோ என்னமோன்னுதான் இருந்தேன்."

"அக்கா, அண்ணனோட இடது கை..."

"தெரியும்லா. வலது பக்கமாத்தான் புடிச்சு ஏத்துனேன். எங்க வீட்டுக்காரர நாலு வருஷம் இதே மோட்டார்ல, இதே எடத்துக்குத்தான் கொண்டாந்தேன். அவரு போயி ரெண்டு வருஷமாச்சு."

எனக்கு அழுகை வந்தது. ராணி அக்கா அழவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு வருஷமா அந்தப் பாதையில வண்டி லேசா ஆடிக்கிட்டேதான் போவும் தங்கச்சி. இன்னைக்குப் பின்னால கனம் இருந்துச்சு. ஆடவே இல்ல."