பரோட்டாக் கடையில் முடிந்த படம்

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் வாய்க்காத ஓர் உத்தியோகம் ஐந்தாம் வகுப்பில் எனக்கு வாய்த்தது. பார்த்த படங்களைப் பற்றி டயரியில் அபிப்பிராயம் எழுதும் உத்தியோகம். சம்பளம் கிடையாது. படத்துக்கு ஒரு முட்டை பஃப்ஸ் உண்டு.

டயரியைக் கொடுத்தது அத்தை, அதாவது நைனாவின் தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அத்தை கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் வேலை செய்தாள். புது வருஷத்துக்குக் கம்பெனியில் கொடுத்த டயரி அது. முதல் நாலு பக்கங்களில் இயந்திரங்களின் வண்ணப் படங்கள், பிறகு தேதிக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ராகு காலம், எமகண்டம். அதை என் கையில் கொடுத்து அத்தை சொன்னாள்: "படம் பாத்தமா, வந்தமான்னு இருக்கக் கூடாதுடி. இன்னா பாத்தியோ அத்த எழுதி வெச்சிக்கணும்."

என்னை நம்பி ஒருவர் டயரி கொடுத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்து மை பேனாவால் பக்கத்துக்கு ஐந்து தலைப்புகள் போட்டேன். கதை, பாட்டு, சண்டை, அரங்கம், மார்க். மார்க் விஷயத்தில் நான் எங்கள் கணக்கு டீச்சரைப் பின்பற்றினேன், அதாவது யாருக்கும் பத்துக்கு ஆறைத் தாண்டிப் போட்டதில்லை. ஒரு படத்தின் கதாநாயகி பாட்டுக்குப் பாட்டு மழையிலேயே நின்றாள். "சளி பிடிக்கும். வீட்டில் யாரும் கேட்பதில்லையா?" என்று எழுதினேன். இன்னொரு படத்தில் ரவுடிகள் ஒவ்வொருவராக வந்து உதை வாங்கினார்கள். "ரேஷன் கடை வரிசை போல் இருக்கிறது. சேர்ந்து வந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள்" என்று வழி சொல்லியிருந்தேன்.

அரங்கம் என்ற தலைப்பின் கீழ்தான் என் கண்டிப்பு முழுசாக வெளிப்படும். மின்விசிறி ஓடாதது, முன் சீட்டுக்காரரின் கொண்டை, எல்லாம் அங்கே பதிவாகும். அதோடு ஒரு குறை படத்துக்குப் படம் தவறாமல் இடம்பெறும்.

அந்தக் குறையைச் சொல்வதற்குமுன் நாங்கள் படம் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். அத்தை தனியாகப் படத்துக்குப் போகக் கூடாது. அவளை வேலைக்கு அனுப்பியதே பெரிய காரியம் என்று நைனா நினைத்தார். "உன்னப் பத்தி ஒரு பேச்சு என் காதுல வுழட்டும், அன்னியோட வேல கட்டு. ஊட்டுல குந்து, மாப்ள பாக்குறேன்" என்று மாதம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். படத்துக்குக் கேட்டால், "புள்ளைய இட்டுக்கினு போ" என்பார். காவலுக்கு நான். கவரைப்பேட்டையில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. ஞாயிற்றுக்கிழமை மேட்னி பார்த்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

தியேட்டரில் அத்தை என்னை நடுவரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைப்பாள். அவளுக்குத் திரை கிட்டத்தில் இருந்தால் தலைவலி வரும். அதனால் கடைசி வரிசைக்குப் போய்விடுவாள். அங்கே அவளுடைய கம்பெனியிலேயே வேலை செய்யும் கட்டம் போட்ட சட்டைக்கார அண்ணன் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் தலைவலி என்று நினைத்துக்கொள்வேன். இடைவேளையில் பஃப்ஸ் வாங்கிவந்து கொடுப்பவரும் அவர்தான். ஆனால் பஃப்ஸுக்காக நடுநிலை தவறுகிற ஆள் இல்லை நான். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அத்தையும் அவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே படத்துக்குப் படம் எழுதினேன்: "அரங்கம்: கடைசி வரிசையில் அத்தையும் ஒரு அண்ணனும் படம் முடியும் வரை பேச்சு. படம் பார்க்க வந்தவர்கள் படத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மார்க் குறைக்கப்படுகிறது."

அத்தை என் டயரியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அது எனக்குச் சின்ன மனத்தாங்கல்தான். ஆனால் திரும்பும் வழியில் அவள் கேட்கும் கேள்விகளில் அது கரைந்துவிடும். ரயிலில் உட்கார்ந்ததும், "இன்னா எழுதப் போற, மொதல்லேர்ந்து சொல்லு" என்று ஆரம்பிப்பாள். கதாநாயகன் என்ன வேலை செய்கிறான், அம்மா உண்டா, வில்லனுக்கு ஏன் கோபம், பாட்டு எங்கே வந்தது, எல்லாம் கேட்பாள். ஒரு ஸ்டேஷன் தூரத்தில் கதை முடியாது. மீதியை ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நடந்துகொண்டே சொல்லுவேன். என்னை எழுத்தாளராக்கப் பயிற்சி கொடுக்கிறாள் என்று பூரித்துப் போவேன்.

வீட்டில் எங்களுக்காக அம்மா காத்திருப்பாள். தம்பிக்கு அப்போது ஒரு வயது. தியேட்டர் இருட்டில் ஊரைக் கூட்டுவான் என்பதால் அம்மா படத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு: போய் வந்தவர், போகாதவருக்குக் கதை சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அத்தை சொல்லுவாள். நான் அவளிடம் சொன்னது அரைப் படி என்றால், அவள் வாயில் அது ஒரு மரக்காலாகிவிடும். சண்டைக்குக் கரண்டியைச் சுழற்றுவாள், சோகத்துக்குக் குரலை இறக்குவாள். அம்மா சோற்றைப் பிசைந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். படத்தைப் பார்த்த எனக்கே அவள் சொல்லும் கதைதான் பிடிக்கும்.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று பக்கத்து வீட்டுக் காதுகுத்தில் பிரியாணி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவள், இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிப் போனேன். விழித்தபோது எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விமர்சகர் தூங்கலாமா? வெளியில் தெரிந்தால் மானம் போகும். ரயிலில் அத்தை, "அப்புறம்? கடைசில இன்னா ஆச்சி?" என்று கேட்டாள். படத்தில் கதாநாயகன் லாரி டிரைவர், வில்லன் குவாரி முதலாளி. அதுவரைதான் எனக்குத் தெரியும். பிரியாணி செரித்துப் பசிக்கவும் ஆரம்பித்திருந்தது. "வில்லன் திருந்திட்டான் அத்தை. ரெண்டு பேரும் சேந்து ஹைவேஸ்ல பரோட்டாக் கடை போட்டாங்க" என்றேன். அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அதையே டயரியிலும் எழுதி, மனசாட்சி உறுத்தியதால் ஆறு மார்க் போட்டேன். அரங்கத்துக்கு வழக்கம்போல் இரண்டு மார்க் குறைத்தேன்.

நைனாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்டு வேலை. எங்கள் சினிமாக் கதை நேரத்தில் பெரும்பாலும் வேலையில் இருப்பார், இல்லை தூங்குவார். அன்று விழித்திருந்தார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் செய்தார். அத்தை பரோட்டாக் கடைக்கு வந்துசேர்ந்தாள். மாவைப் பிசைந்து வீசிக்கூடக் காட்டினாள். வில்லன் கதாநாயகனுக்கு முதல் பரோட்டாவை ஊட்டினான். இது நான் சொல்லாதது. அம்மா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள்.

"இன்னா ஒளர்ற?" என்றார் நைனா. "லாரிக்காரன் செத்துட்றான். வில்லன் சுட்டு, அம்மா மடியில தலைய வெச்சிக்கினு செத்துட்றான். பரோட்டாக் கட எங்கேர்ந்து வந்துச்சி?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் கருவாட்டைப் பார்த்தேன்.

"இல்லண்ணா, பரோட்டாக் கடதான்" என்றாள் அத்தை. குரல் இறங்கியிருந்தது, சோகக் கட்டத்துக்கு இறக்குவதுபோல இல்லை.

நைனா தட்டைத் தள்ளி வைத்தார். "நீ படந்தான் பாத்தியா? இல்ல, புள்ளைய அங்க குந்த வெச்சிட்டு வேற எங்கனா போனியா? இவ இன்னாமோ எழுதுறாளே, அந்த டைரிய எத்துக்கினு வா. அதுல தெரிஞ்சிடும்."

அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. நான் தூங்கியது தெரிந்து, என்னால் அத்தை பொய்க்காரியாகி, அவள் வேலையும் போகப்போகிறது என்று எனக்குப் புரிந்தது. அழுதுகொண்டே எழுந்தேன். "நீ துன்னு, நான் எத்தாறேன்" என்று அம்மா உள்ளே போனாள்.

அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு. உள்ளே போனவள் வரவே இல்லை. "டைரி எழுதக் கத்துக்கினு இருக்கியா?" என்று நைனா கத்தினார். "ரசம் ஆறிப்போச்சி, சுட வெச்சி எத்தாறேன்" என்று பதில் வந்தது.

பிறகு வந்தாள். ஒரு கையில் விரித்த டயரி, இன்னொரு கையில் ரசச் சொம்பு. நைனாவுக்கு இரண்டடி முன்னால் கால் தடுக்கியது. தடுக்க அங்கே ஒன்றும் இல்லை, தம்பியின் துணிகூட இல்லை. சொம்பு ரசமும் டயரியில் கவிழ்ந்தது.

அம்மா பதறியதாகவும் தெரியவில்லை. டயரியை நைனாவின் முன்னால் நீட்டினாள். பக்கம் பக்கமாக மை கரைந்து நீலமாய் ஒழுகியது. மழையில் நின்ற கதாநாயகி, ரேஷன் வரிசை ரவுடிகள், நான் போட்ட மார்க்குகள், எல்லாம் புளிக்கரைசலில் போய்ச் சேர்ந்தன. அன்றைய பக்கத்தில் அம்மாவின் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்த இடம் மட்டும் தப்பித்திருந்தது. நைனா அந்த விரலை நகர்த்திவிட்டுப் படித்தார்.

"பரோட்டாக் கடன்னுதான் போட்டுக்கீது" என்றார், மெதுவாக.

"புள்ள பொய்யா எழுதும்?" என்றாள் அம்மா. தரையில் கிடந்த கறிவேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஆமா, அவன் செத்துட்றான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? வெள்ளிக்கெழம ஓட்டின்னு சொன்னீங்களே, அன்னிக்கி கம்பெனில படம் போட்டாங்களா?"

ஓட்டி என்றால் ஓவர்டைம். "கூட வேல செய்றவன் சொன்னான்" என்றார் நைனா. "அவன் பாதில தூங்கியிருப்பான்" என்றாள் அம்மா. நைனா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அத்தை தன் தட்டிலிருந்த கருவாட்டுத் துண்டுகளை எல்லாம் எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அத்தை தப்பித்தாள், நானும் தப்பித்தேன். ஆனால் என் டயரி தப்பிக்கவில்லையே. வருஷ ஆரம்பத்திலிருந்து எழுதியது அத்தனையும் ஒரு சொம்பு ரசத்தில் போயிற்று. எண்ணெய் ஊற்றினால்கூட ஒரு சொட்டு சிந்தாத அம்மா, என் உழைப்பின் மேல்தானா கவிழ்க்க வேண்டும்? ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. சமாதானப்படுத்த அவள் வரவும் இல்லை. டயரியை மட்டும் மொட்டை மாடியில் காயவைத்து, மேலே செங்கல் வைத்தாள். காய்ந்ததும் பக்கங்கள் அப்பளம்போல மொறமொறத்தன, மிளகு வாசம் அடித்தது. அதில் முதல் வேலையாக எழுதினேன்: "அம்மா. கவனம் போதாது. பத்துக்கு ஒன்று."

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையைப் பெண் பார்க்க அத்திப்பட்டிலிருந்து வந்தார்கள். அந்த நாலு மாதமும் அம்மா நைனாவிடம் அடுப்படியில் மெல்லிய குரலில் என்னவோ பேசிக்கொண்டே இருந்ததும், நைனா முதலில் கத்தி, பிறகு முனகி, பிறகு சும்மா இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கட்டம் போட்ட சட்டை. எல்லோரும் யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே உற்சாகம். "நைனா, இவருதான்" என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வருவதற்குள் அம்மா ஒரு கை கேசரியை என் வாய்க்குள் திணித்துவிட்டாள். சூடு. நாக்கு வெந்துவிட்டது. நான் கண்ணீரோடு மென்று விழுங்கி முடிப்பதற்குள் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் டயரியில் எழுதினேன்: "கேசரி நன்று, முந்திரி குறைவு. மாப்பிள்ளைக்குத் தலைவலி சரியாகிவிட்டது போலிருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் கவனம் வரவில்லை. பத்துக்கு ஒன்றுதான்."