பின் சீட்டில் பாண் மா

என் காரின் பின் சீட்டில் ஒட்டிய மா இன்னும் போகவில்லை. சுரண்டிச் சுரண்டி நகம்தான் தேய்ந்தது. யார் செய்த வேலை? வேறு யார்... நான்தான்!

விஷயம் புட்டில் தொடங்கியது. என் மனைவி யாழ்ப்பாணம். நான் கண்டி. அவள் புட்டு அவிய வைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது — வெந்துவிட்டதா என்று மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். ஆவி போய்விடும், புட்டு வேகாது. அன்று அவள் வெடித்துவிட்டாள்.

"கொஞ்ச நேரம் உங்களால சும்மா இருக்கேலாதோ? எதையாவது ஒழுங்கா முடிச்சிருக்கிறீங்களோ?"

மறுநாள் அக்கா வீட்டுக்கென்று யாழ்ப்பாண பஸ் ஏறிவிட்டாள். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். அந்த 'இல்லை'யை நான் நம்பவில்லை.

வீடு வெறிச்சென்றிருந்தது. நின்றேன், நடந்தேன், டீவியைப் போட்டேன், அணைத்தேன். ஒரு வாரம் இப்படியே. அப்புறம் ரோஷம் வந்தது. அவள் திரும்பி வருகிற அன்று, கடை பிரெட் மாதிரி என் கையால் பாண் சுட்டுக் கொடுப்பது! மா பொங்கும்வரை காத்திருக்க வேண்டுமே... என் பொறுமைக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

யூடியூப்பில் ஒரு தம்பி, ஒரு மணி நேரத்தில் மா இரண்டு மடங்காகும் என்றார். அவருக்கென்ன, அவர் ஊர் வெயில் அப்படி! பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டுக்குள் ஒரே குளிர். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவைப் பேசினில் வைத்துத் துணியால் மூடினேன். துணியைத் தூக்கிப் பார்த்தேன். மா அசையவில்லை. மறுபடி தூக்கினேன். கல் மாதிரிக் கிடந்தது.

வெளியே மழை விட்டு நல்ல வெயில். கண்ணாடி மூடிய காருக்குள் கதகதவென்று சூடு. சட்டென்று மூளை வேலை செய்தது! பேசினைப் பின் சீட்டில் வைத்துப் பூட்டினேன். மேசை லாச்சியை இழுத்துச் சாவியை உள்ளே போட்டேன் — கை சும்மா இருக்காதே!

ஒருவழியாக நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போன்.

"நான் அக்குறணை தாண்டிட்டன், கண்டி கிட்டத்தான். வெள்ளன வெளிக்கிட்டனான். கூட்டிக்கொண்டு போக வாறீங்களோ?"

பின்னேரம்தான் வருவாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! பாய்ந்து சாவியை எடுத்துக் காரை விரட்டினேன். பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டி பஸ் ஸ்டாண்டில் பேக்கை வைக்க அவள் பின் கதவைத் திறந்தாள்.

"ஐயோ, இதென்ன கோதாரி?"

பொங்கிய மா துணியைத் தள்ளிக்கொண்டு சீட்டில் வழிந்திருந்தது.

"பாண்... ஒனக்காகத்தான்," என்றேன். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

அவள் பேக்கைப் பின்னால் ஒரு ஓரமாக வைத்தாள். பேசினை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள்.

கெட்டம்பேயில் டிராஃபிக். லொறிக்குப் பின்னால் லொறி. ஹோர்னில் கை வைத்தேன்.

"ஹோர்ன் அடிச்சா லொறி பறக்குமோ?"

கையை எடுத்தேன். வெட்கமாக இருந்தது. இவளிடம் எதை நிரூபிக்கக் கிளம்பினேன் நான்?

பக்கத்தில் ஏதோ அசைந்தது. துணியின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்க்கிறாள்! பேராதனைப் பாலம் வருவதற்குள் மறுபடியும். அப்புறம் விரலால் ஒரு குத்து வேறு.

"தொறக்காதம்மா... பொங்கட்டும்," என்றேன் மெதுவாக.

என்னைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்பாடா... அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பொறுமைசாலி என்று தனியாக யாரும் கிடையாது போலிருக்கிறது. பேசின் யார் மடியில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

பாண் ஒரு பக்கம் சரிந்துதான் வந்தது. ஆறும்வரை இரண்டு பேருமே காத்திருக்கவில்லை. காரமான கட்டசம்பலைத் தொட்டுக்கொண்டு சுடச்சுடத் தின்று முடித்தோம்.

புட்டுப் பானை மூடியைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது யாரும் வாய் திறப்பதில்லை!