ஆறாவது ஆளுக்குத் தண்ணீர்

கூடத்திலிருந்து இன்னாசிமுத்து சிரிக்கும் சத்தம் கேட்டது. களி கிண்டிக்கொண்டிருந்த அவன் மனைவி அன்னமேரியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஏழு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அது. அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது.

வந்திருந்தவர் வெங்கடப்பன், ஓசூரில் இன்னாசி சமையல் செய்யும் பங்களாவின் முதலாளி. பாம்பனில் பாய்மரப் படகு ஒன்றைப் பத்து நாளைக்கு வாடகைக்குப் பேசி, தீவு தீவாகச் சுற்றிவர அவருக்கு ஆசை. பாம்பனில் பிறந்த இன்னாசி கூட வந்தால் சமையலுக்கும் ஆயிற்று, வழிக்கும் ஆயிற்று என்றார்.

அந்தத் தீவுகள்! நாற்பத்தெட்டில் அங்கேதான் படகு பாறையில் மோதி, இன்னாசியும் அவன் தம்பி சவரிமுத்துவும் நாலு நாள் மணல்திட்டில் கிடந்தார்கள். கடைசி மிடறு தண்ணீரை அண்ணனுக்குப் புகட்டிவிட்டுத் தம்பி கண்ணை மூடினான். அதன் பிறகுதான், கடலே கண்ணில் படாத ஊராகப் பார்த்து இன்னாசி மனைவியோடு இங்கே வந்து சேர்ந்தான். மறுபடி அங்கே போனால் இவர் திரும்பி வருவாரா? அன்னமேரிக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை. வாசற்கால் ஓரமாக வந்து நின்றாள்.

இன்னாசி சொல்லச் சொல்ல வெங்கடப்பன் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். அரிசி ஐந்து பேருக்கு, பருப்பு ஐந்து பேருக்கு.

"தண்ணி மட்டும் ஆறு பேருக்கு ரொப்பிக்கணுங்க."

"போறது அஞ்சு பேருதானேப்பா? நீ மட்டும் ரெண்டு ஆளுத் தண்ணி குடிப்பியா?"

இன்னாசி சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவனைப் பற்றிச் சொல்வது போல அமைதியாகச் சொன்னான்.

"தம்பிக்குச் சோறு வேண்டாங்க, பசி கெடையாது. தாகந்தான். எங்க எறங்கணும்னு எனக்குத் தெரியும். நான் அவன்கூட இருந்துக்கறேன். எனக்காகப் படகை நிறுத்தி வைக்காதீங்க."

பென்சில் நின்றது. வெங்கடப்பன் மெல்லத் தலையைத் திருப்பி அன்னமேரியைப் பார்த்தார். அவள் தரையில் மண்டியிட்டிருந்தாள்.

"எனக்கு இவரு ஒருத்தருதாங்க அய்யா. விட்டுட்டுப் போயிடுங்க."

அவர் எழுந்தார். சமையலுக்குப் பாம்பனிலேயே ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு குடம் தண்ணீராவது கொண்டுபோகும்படி இன்னாசி வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனான்.

"இடத்தைச் சொல்லு. நானே எறங்கி வைக்கறேன்," என்றார் வெங்கடப்பன்.

இன்னாசி சொன்னான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். கணவனைத் தோளோடு அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டு அன்னமேரி கதவைச் சாத்தினாள்.