இடப்பக்கம் தேயாத கன்ட்ரோலர்

கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். ஆனால் இது என் வீட்டு முன்னறையில் நடந்தது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் லெக்ஸ். நியூசிலாந்தின் தென்கோடியில், பிளஃப் துறைமுகத்தில், சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை. மனைவியும் நானும் பிரிந்துவிட்டோம். மகள் மெரியானாவுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவோடு டனீடனில் இருக்கிறாள். போன தடவை வந்தவள் அன்று மாலையே கிளம்பிவிட்டாள். "உன் வீட்ல என்னப்பா இருக்கு? காத்து மட்டும்தான் இருக்கு" என்றாள். இந்த ஜூன் மாதம் மறுபடி வரச் சம்மதித்தபோது, பழைய வீடியோ கேம்கள் ஆடும் பெட்டி ஒன்றை என் கையாலேயே செய்து வைப்பதாகச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து ஆடலாம் என்றேன்.

"அது வேலை செஞ்சா ராத்திரி தங்குறேன். இல்லேன்னா ஆறரை மணி பஸ்." பேரம் பேசுவதில் அப்படியே அவள் அம்மா.

உள்ளங்கை அளவுக் கணினிப் பலகை ஒன்றை பிஸ்கட் டின்னுக்குள் பொருத்தி டிவியோடு இணைத்தேன். ஒயர் வைத்த கன்ட்ரோலர் ஒன்று வீட்டிலேயே இருந்தது. இரண்டாவதை நோலீன் அக்காவின் பழைய பொருள் கடையில் வாங்கினேன். ஒயர் இல்லாதது. இரண்டு பேட்டரி போட்டால் புளூடூத்தில் இயங்கும். அதன் வலப்பக்கப் பட்டன்கள் எழுத்தெல்லாம் தேய்ந்து மழமழவென்று இருந்தன. இடப்பக்கம் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. அப்போது அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

வியாழன் மாலை முழுவதும் அந்தச் சனியனோடு மல்லுக்கட்டினேன். திரையில் அதன் பெயர் வரும், மறையும். வரும், மறையும். கொட்டகையில் என்னோடு வேலை செய்யும் கெரெயாமாவுக்குப் போன் போட்டேன். இந்த மாதிரி விஷயங்களில் அவன் கில்லாடி.

"எதுக்குள்ளடா வெச்சிருக்க அதை?"

"பிஸ்கட் டின்ல."

அவன் சிரித்து முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். "தகர டப்பாக்குள்ள வெச்சா சிக்னல் எப்படி மச்சான் வெளிய வரும்? மூடியக் கழட்டி எறி."

எறிந்தேன். உடனே இணைந்துவிட்டது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டன்களை அடையாளம் காட்டும் வேலை. திரை ஒவ்வொன்றாகக் கேட்கும்: மேலே போக எந்தப் பட்டன்? கீழே? இடது? வலது? நாம் அழுத்திக் காட்ட வேண்டும். எல்லோரும் வைப்பதுபோல இடப்பக்கத்தில் இருக்கும் சிலுவைப் பட்டனை வைத்தேன். விளையாட்டைத் திறந்தால், சிலுவைப் பட்டனுக்கு அசைவே இல்லை. வலப்பக்க நான்கு பட்டன்கள்தான் ஆளை நகர்த்தின. தாவுவது, அடிப்பது எல்லாம் வலது விரல்களுக்கு எட்டும் மேல் பட்டன்களில்.

அழித்தேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே.

எனக்குத் தலை கொதித்தது. கெரெயாமாவிடம் புலம்பினேன். "இடது எது வலது எதுன்னு தெரியாத ஆளுக்கெல்லாம் எதுக்குடா கேமு?" என்று போனை வைத்துவிட்டான்.

மூன்றாவது தடவை கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டு, திரையை மட்டும் பார்த்தேன். மாலை 5.40. ஜூன் மாதம், வெளியே நல்ல இருட்டு.

மேலே போக எந்தப் பட்டன்?

நான் தொடவில்லை.

டிக்.

திரையில் பதில் விழுந்தது. கீழே? டிக். இடது? டிக்...

வலப்பக்கப் பட்டன்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே அமுங்கி எழுந்தன.

பழுதான பட்டன், ஒட்டிக்கொள்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேட்டரி இரண்டையும் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டேன். கன்ட்ரோலர் சோபாவிலேயே கிடந்தது.

சனி மதியம் மெரியானா வந்தாள். ஒரு கன்ட்ரோலர்தான் வேலை செய்கிறது, இன்னொன்று கெட்டுப்போச்சு என்றதும் முகம் சுருங்கியது. "தனியா ஆடவா இவ்ளோ தூரம் வந்தேன்?" தரையில் உட்கார்ந்து, சோபாவில் முதுகைச் சாய்த்து, கடமைக்கு ஆடினாள். அடிக்கடி மணியைப் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்குமே என்று 5.10-க்கு மீன் வறுவல் வாங்கப் போனேன். போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, காதில் விழவில்லை போல.

5.35-க்குத் திரும்பினேன். வாசலிலேயே அவள் சிரிப்புச் சத்தம். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

கதவைத் திறந்தேன்.

திரையில் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, நீ ஏமாத்துற" என்றாள், கண்ணை எடுக்காமல். "கெட்டுப்போச்சுன்னு பொய் வேற சொல்லிட்டு... மூணு ஆட்டம் ஜெயிச்சிட்ட. நான் ராத்திரி தங்குறேன். உன்னைத் தோக்கடிக்காம போக மாட்டேன்."

அவள் தலைக்குப் பின்னால், சோபாவில் கன்ட்ரோலர்.

டிக். டிக்.

சோபாவில் யாரோ உட்கார்ந்தது போல ஒரு குழி...

நான் கோட்டுப் பையைத் தொட்டேன்.

பேட்டரி இரண்டும் அங்கேயே இருந்தன.

டிவியின் ஒயரைப் பிடுங்கினேன். அவள் கோட்டை எடுத்தேன். காரில் அவள் அழுதுகொண்டே வந்தாள். "வேலை செஞ்சுதே. தங்குறேன்னுதானே சொன்னேன். ஏன்ப்பா துரத்துற?" பஸ் ஏறும்போது கோபத்தோடு திரும்பினாள்.

"ஜெயிக்கிறப்பல்லாம் தலையில தட்டுனியே, அது மட்டும் பிடிக்கல. இனிமே விரலை மடக்கி மொட்டைக் கையால தட்டாத. வலிக்குது."

திங்கட்கிழமை அந்தக் கன்ட்ரோலரை நோலீன் அக்காவின் மேசையில் வைத்தேன். யாருடையது என்று கேட்டேன்.

"ஆர்ச்சியோடது தம்பி. மார்ச்ல தவறிட்டாரு. நாள் பூரா கேம்தான். ஜோடிக்கு ஆட வர்றியான்னு கடைக்கு வர்றவங்களைக்கூடக் கூப்பிடுவாரு, யாரும் போனதில்ல." அதைத் துடைத்து அலமாரியில் வைக்கப் போனவர் சற்று நின்றார். "ஒத்தைக் கையாலயே ஆடுவாரு, பாவம். சிப்பிப் படகுல கயிறு சுத்துற வின்ச் மெஷின்ல மாட்டி, இடது கை மணிக்கட்டோட போயிடுச்சு."